போர்ப் புறா யாருக்கும் தூது போனதில்லை

தூது இலக்கியத்துக்கென்று நம் இலக்கண நூல்கள் பத்துத் தூதர்களை வகுத்து வைத்திருக்கின்றன. அன்னம், மயில், கிளி, மேகம், நாகணவாய், தோழி, குயில், நெஞ்சு, தென்றல், வண்டு. இந்தப் பத்தில் புறாவுக்கு இடமில்லை. காரணம் எதுவானாலும், பறவையின் இயல்பை வைத்துப் பார்த்தால் அது சரியான முடிவுதான். ‘அவர் இருக்கும் ஊருக்குப் போ, என் நிலையைச் சொல், மாலை வாங்கி வா’ என்று ஒரு புறாவை அனுப்பினால், அது நேராகத் தன் கூண்டுக்குப் போய்த் தானியம் கொத்திக்கொண்டிருக்கும். புறாவுக்குத் தெரிந்தது ஒரே ஒரு வழி. எங்கே கொண்டுபோய் விட்டாலும் வளர்ந்த இடத்துக்குத் திரும்பும் வழி.

சரித்திரப் படங்களில் நடப்பது வேறு. அரசர் நறுக்கு ஓலையில் நாலு வரி எழுதுவார், புறாவின் காலில் கட்டுவார், உப்பரிகையில் நின்று பறக்கவிடுவார். அடுத்த காட்சியில் அது அயல்நாட்டிலிருக்கும் ஒற்றனின் தோளில் வந்து இறங்கும். இது நடக்க வேண்டுமானால் அந்தப் புறா அந்த ஒற்றனின் வீட்டில் வளர்ந்திருக்க வேண்டும். யாரோ ஒருவர் அதைக் கூடையில் வைத்து, காடும் மலையும் தாண்டி, அரசரின் அரண்மனைவரை சுமந்து வந்திருக்கவும் வேண்டும். அந்தச் சுமைகாரரை எந்தப் படத்திலும் காட்டுவதில்லை.

போர்ப் புறாக்களின் வரலாற்றில் பெரும்பகுதி அந்தச் சுமைகாரருடையது. செய்தி ஒரு திசையில் பறந்து வருவதற்கு முன்பு, பறவை அதற்கு நேர் எதிர்த் திசையில் மனிதர் கையால் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குதிரையிலோ, பலூனிலோ, சிப்பாயின் முதுகிலோ, பாராசூட்டிலோ. இந்த ஒரு நிபந்தனையை நினைவில் வைத்துக்கொண்டால், புறாத் தபால் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரிவிட்டது என்பது எளிதாக விளங்கும்.

கூண்டில் நடக்கும் வேலை

இறகு முளைத்து வெளியுலகைப் பார்க்கத் தொடங்கும் பருவத்தில் ஒரு குஞ்சை எந்தக் கூண்டில் விடுகிறோமோ, அதுதான் அதற்கு வீடு. வளர்ந்த புறாவை விலைக்கு வாங்கி வேறு ஊரில் திறந்துவிட்டால், பல மாதங்கள் கழித்தும் அது பழைய சொந்தக்காரர் வீட்டுக் கூரைக்கே போய்விடும். அதனால்தான் இராணுவங்கள் வளர்ந்த பறவைகளை வாங்கிப் புதிய கூண்டில் பழக்குவதைவிட, அங்கேயே குஞ்சு பொரிக்க வைத்து அவற்றைப் பழக்குவதை விரும்பின.

பழக்கம் உணவில் தொடங்குகிறது. தானியம் போடும்போதெல்லாம் தகர டப்பாவைக் குலுக்குவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் கூண்டுக்குள் நுழைய வேண்டும் என்று குஞ்சு கற்றுக்கொள்ளும். பிறகு கூடையில் வைத்து ஒரு கிலோமீட்டர் தள்ளிக் கொண்டுபோய் விடுவார்கள். அடுத்து மூன்று, ஐந்து, பத்து, முப்பது. கூண்டு வாசலில் உள்பக்கம் மட்டும் மடங்கும் கம்பிகள் தொங்கும். பறவை முட்டித் தள்ளிக்கொண்டு உள்ளே வரலாம், வெளியே போக முடியாது. இராணுவக் கூண்டுகளில் அந்தக் கம்பியோடு மின்மணியை இணைத்திருந்தார்கள். மணி அடித்தால் காவலர் ஓடிவந்து காலில் இருக்கும் சிமிழைக் கழற்றுவார்.

வெளியில் இருப்பவர்களுக்குப் புறா பறப்பதுதான் பெரிய விஷயம். வளர்ப்பவர்களின் கவலை அது இறங்குவதில் இருக்கும். நூறு கிலோமீட்டரை ஒன்றரை மணி நேரத்தில் கடந்து வந்த பறவை, கூண்டுக்குள் நுழையாமல் கூரையில் உட்கார்ந்து அரை மணி நேரம் இறகு கோதினால், செய்தியும் அரை மணி நேரம் கூரையிலேயே உட்கார்ந்திருக்கும். அதனால் அனுப்பும் பறவைக்கு வயிறு நிறையத் தீனி போட மாட்டார்கள். முட்டை பொரிக்கும் தறுவாயில் இருக்கும் புறாவைத் தேர்ந்தெடுப்பார்கள். ஜோடியைப் பிரித்து வைத்து, புறப்படும் முன் பெட்டையின் பக்கத்தில் வேறொரு ஆண் புறாவைக் காட்டி அனுப்புகிறவர்களும் உண்டு. பசி, பாசம், பொறாமை என்று மூன்றையும் கருவியாக்கிய தொழில் இது. நாட்டுப் பற்று இதில் எங்கும் இல்லை. அது பதக்கம் கொடுக்கிறவர்கள் பிற்பாடு சேர்த்தது.

எப்படி வழி கண்டுபிடிக்கிறது என்ற கேள்விக்கு இன்றும் ஒற்றை விடை கிடையாது. சூரியன் இருக்கும் திசையையும் தன் உடலுக்குள் ஓடும் நேரக் கணக்கையும் சேர்த்துத் திசை அறிகிறது. மேகம் மூடிய நாளில் பூமியின் காந்தப்புலத்தை நாடுகிறது. காற்றில் வரும் வாசனைகளை வைத்து இடத்தை உணர்கிறது என்று இத்தாலிய ஆய்வாளர்கள் 1970களிலிருந்து சொல்லிவருகிறார்கள். பழகிய பகுதிக்கு வந்துவிட்டால் நெடுஞ்சாலையையும் ரயில் பாதையையும் பார்த்துப் பறப்பதும் பதிவாகியிருக்கிறது. பனி படர்ந்ததுபோன்ற மங்கல் வில்லைகளைக் கண்ணில் பொருத்திவிட்ட புறாக்கள்கூடக் கூண்டுக்குச் சில கிலோமீட்டர் அருகே வந்து சேர்ந்தன என்பது இந்த ஆய்வுகளில் என்னை அதிகம் வியக்க வைத்த முடிவு. கடைசித் தூரத்துக்கு மட்டும்தான் அவற்றுக்குக் கண் தேவைப்பட்டது. ஆனால் இரவும் மூடுபனியும் அவற்றின் எதிரிகள். எந்தப் படைத் தளபதியும் இந்த இரண்டையும் தன் பக்கம் சேர்த்துக்கொள்ள முடியவில்லை.

இன்று நாம் ‘ஹோமர்’ என்று சொல்லும் இனம் 19ஆம் நூற்றாண்டில் பெல்ஜியத்தில் பல இனங்களைக் கலந்து உருவாக்கியது. சென்னையின் மாடிகளில் பந்தயத்துக்காக வளர்க்கிறார்களே, அதே ஹோமர்தான். வடக்கே பல நூறு கிலோமீட்டர் கொண்டுபோய்த் திறந்துவிட்டு, எப்போது வீடு திரும்புகிறது என்று மொட்டை மாடியில் வானத்தைப் பார்த்துக் காத்திருக்கும் சென்னைக்காரருக்கு மேலே சொன்ன எதுவும் புதிதாக இருக்காது.

பாரிஸ்: உள்ளே வர மட்டும்

பழங்காலத்திலிருந்து அடிக்கடி காட்டப்படும் உதாரணம் கி.மு. 43இல் இத்தாலியின் முட்டினா நகர முற்றுகை. உள்ளே ரோமானியத் தளபதி டெசிமஸ் புரூட்டஸ், வெளியே அவருக்கு உதவ வந்த ஹிர்டியஸ். ரோமானியக் குறிப்பொன்றைப் படித்தால் அங்கே நடந்தது வீடு திரும்பும் பழக்கமே இல்லை என்று தெரிகிறது. ஹிர்டியஸ் புறாக்களை இருட்டில் அடைத்துப் பட்டினி போட்டார், கழுத்தில் கடிதத்தைக் கட்டி மதிலுக்கு முடிந்தவரை அருகில் கொண்டுபோய் விட்டார். வெளிச்சத்தையும் தீனியையும் தேடிய பறவைகள் நகரத்தின் உயரமான கூரைகளுக்குப் போயின, அங்கே புரூட்டஸின் ஆட்கள் பிடித்துக்கொண்டார்கள். திசையை மனிதர் தீர்மானித்த அரிய நேர்வு இது. குறி பார்த்து எறிந்த கல் என்றே சொல்லலாம். தூரமும் கல்லெறி தூரத்துக்குக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான்.

முழுமையான புறாத் தபால் என்றால் 1870 செப்டம்பர் முதல் 1871 ஜனவரி வரை பிரஷ்யப் படைகள் பாரிஸைச் சூழ்ந்திருந்த மாதங்களைத்தான் பார்க்க வேண்டும். தந்திக் கம்பிகள் அறுக்கப்பட்டுவிட்டன. நகரத்திலிருந்து வெளியே செய்தி அனுப்ப பலூன் இருந்தது. காற்று எங்கே தள்ளுகிறதோ அங்கே இறங்கலாம், பிரான்ஸ் பெரிய நாடு, எங்கேயாவது நண்பர்கள் இருப்பார்கள். ஆனால் வெளியிலிருந்து பாரிஸுக்குள் பலூனில் குறிவைத்து இறங்க முடியாது. எனவே பாரிஸில் வளர்ந்த புறாக்களைப் பலூனில் ஏற்றி வெளியே அனுப்பினார்கள். அவை தூர் நகரத்துக்கும் பின்னர் புவாத்தியேவுக்கும் கொண்டுபோகப்பட்டு, செய்தியோடு திருப்பி விடப்பட்டன. போக பலூன், வரப் புறா. ஒவ்வொரு பறவையும் ஒரே ஒரு வருகைக்குத்தான் பயன்படும். மறுபடி தேவையென்றால் மறுபடி பலூன் ஏற்ற வேண்டும்.

ஒரு புறா சுமக்கும் எடை மிகச் சொற்பம். அதற்குள் ஒரு தலைநகரத்தின் தபாலை அடைக்க வேண்டும். முதலில் செய்திகளைச் சிறிய எழுத்தில் எழுதி, பிறகு அவற்றைப் புகைப்படம் எடுத்துச் சுருக்கினார்கள். நவம்பரில் ரெனே டாக்ரான் என்ற புகைப்படக் கலைஞர் பாரிஸிலிருந்து பலூனில் வெளியேறினார். நுண்படத்தில் கைதேர்ந்தவர். அதே நாள் அவருடைய கருவிகளோடு கிளம்பிய இன்னொரு பலூன் பிரஷ்யர் கையில் சிக்கியது. அவரும் பிடிபடாமல் தப்பியது நூலிழையில்தான். கிடைத்த கருவிகளை வைத்து வேலையைத் தொடங்கி, மெல்லிய கொலோடியன் படலத்தில் ஆயிரக்கணக்கான தனியார் செய்திகளைப் பதித்தார். அந்தப் படலங்களைச் சுருட்டி, வாத்து இறகின் குழலில் செருகி, புறாவின் வால் இறகோடு கட்டினார்கள். பாரிஸில் பறவை இறங்கியதும் படலங்களை விரித்து, மாய விளக்கில் வைத்துத் திரையில் பெரிதாக்கி, எழுத்தர்கள் உட்கார்ந்து படியெடுத்து, முகவரி வாரியாகப் பிரித்து வீடுகளுக்கு அனுப்பினார்கள். கட்டணம் வார்த்தைக்கு 50 சாந்தீம், 20 வார்த்தைக்கு மேல் கூடாது. ‘எல்லோரும் நலம், குழந்தை பிறந்தது’ என்ற அளவுக்கு அது போதும்.

எத்தனை வந்தன? வெளியே விடப்பட்டவை 300க்கு மேல், பாரிஸ் வந்து சேர்ந்தவை 60க்கும் குறைவு. ஐந்தில் ஒன்று. குளிர், குறுகிய பகல், பனி, பருந்து, துப்பாக்கி எல்லாம் சேர்ந்து மற்றவற்றைத் தின்றன. தொடக்க மாதங்களில் ஓரளவாவது திரும்பின, ஜனவரியில் வந்தவை விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதிகாரிகள் இதை எதிர்பார்த்தே ஒரே படலத்தின் நகல்களைப் பல பறவைகளில், வந்து சேர்ந்த தகவல் கிடைக்கும் வரை அனுப்பிக்கொண்டிருந்தார்கள்.

சிக்கிய அந்தப் பலூனில் புறாக்களும் இருந்தன. பிரஷ்யர்கள் அவற்றில் சிலவற்றின் மீது ‘எங்கும் தோல்வி, மக்கள் பிரஷ்யரை வரவேற்கிறார்கள்’ என்ற தொனியில் பொய்ச் செய்தியைக் கட்டிப் பறக்கவிட்டார்கள். புறாக்கள் வழக்கம்போல வீட்டுக்கு வந்தன. நல்ல யோசனைதான், ஆனால் வெளியூரிலிருந்து எழுதியதாகக் கையொப்பத்தில் போட்டிருந்த பெயர் அப்போது பாரிஸிலேயே இருந்த ஒரு அதிகாரியுடையது. செய்தியைக் கட்டியிருந்த விதமும் வழக்கமானதாக இல்லை. மோசடி அம்பலமாகிவிட்டது. பறவைக்குச் சொந்தக்காரர் மாறினாலும் அது போகும் இடம் மாறாது என்பதைப் பிரஷ்யர்கள் சரியாகவே புரிந்துகொண்டிருந்தார்கள். கோட்டை விட்டது எழுத்து வேலையில்.

கடைசிப் புறா

பாரிஸுக்குப் பிறகு ஐரோப்பிய இராணுவங்கள் பலவும் கூண்டு கட்டத் தொடங்கின. 1914இல் போர் வந்தபோது தொலைபேசியும் கம்பியில்லாத் தந்தியும் இருந்தன. பிறகு புறா எதற்கு? பீரங்கி குண்டு விழுந்த நிலத்தில் தொலைபேசிக் கம்பி மணிக்கணக்கில்கூடத் தாங்காது. ஓடிப்போய்ச் செய்தி சொல்லும் சிப்பாய்கள் வழியிலேயே செத்தார்கள். அன்றைய வானொலிக் கருவிகள் பாரமானவை, எதிரியும் ஒட்டுக் கேட்கலாம். கம்பி அறுந்த இடத்துக்கும் கம்பி இருக்கும் இடத்துக்கும் நடுவே பத்துப் பதினைந்து கிலோமீட்டர் இடைவெளி. அந்த இடைவெளிக்குத்தான் புறா.

இங்கேயும் சுமை தூக்குவது சிப்பாயின் வேலை. பிரம்புக் கூடையை முதுகில் மாட்டிக்கொண்டு இரவில் பதுங்குகுழிவரை நடக்க வேண்டும். நச்சுப் புகை வந்தால் கூடையை மூட உறை. இரண்டொரு நாளுக்கு மேல் அங்கே வைத்திருந்தால் பறவை சோம்பிவிடும், எனவே மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். கூண்டும் போர் முனையோடு நகர வேண்டும் என்பதால் குதிரை இழுக்கும் வண்டிக் கூண்டுகள் வந்தன. லண்டன் பஸ்களைக்கூட இரண்டடுக்குக் கூண்டாக மாற்றிப் பிரான்சுக்கு ஓட்டிப் போனார்கள். வண்டி சில கிலோமீட்டர் நகர்ந்தாலும் தேடிக் கண்டுபிடிக்கும்படி புறாக்களைப் பழக்கியது அன்றைய வளர்ப்பாளர்களின் உண்மையான சாதனை. உள்நாட்டில் பிரிட்டன் சட்டமே போட்டது. பந்தயப் புறாவைச் சுட்டால் ஆறு மாதச் சிறை அல்லது 100 பவுண்டு அபராதம், சுட்டவரைக் காட்டிக்கொடுத்தால் 5 பவுண்டு பரிசு.

வெர்தூன் போரில் வோ கோட்டையின் கதை இந்த ஏற்பாட்டின் பலத்தையும் பலவீனத்தையும் ஒரே இடத்தில் காட்டுகிறது. 1916 ஜூன் தொடக்கத்தில் ஜெர்மானியர் கோட்டையின் மேல்தளத்தையே பிடித்துவிட்டார்கள். மேஜர் ரேனால் தன் ஆட்களோடு கீழே இருட்டுச் சுரங்க நடைகளில் கை எறிகுண்டுகளாலும் மணல் மூட்டைகளாலும் தடுத்துக்கொண்டிருந்தார். தண்ணீர்த் தொட்டி வற்றிக்கொண்டிருந்தது. கையிலிருந்த சில புறாக்களும் ஒவ்வொன்றாகத் தீர்ந்தன. ஜூன் 4ஆம் தேதி கடைசிப் பறவையை அனுப்பினார். ‘இன்னும் தாக்குப்பிடிக்கிறோம். ஆனால் மிக ஆபத்தான வாயு, புகைத் தாக்குதலுக்கு ஆளாகியிருக்கிறோம். எங்களை உடனே மீட்க வேண்டும். எங்கள் அழைப்புக்குப் பதில் சொல்லாத சூவில் வழியாக உடனே ஒளிச் சமிக்ஞைத் தொடர்பு ஏற்படுத்துங்கள். இது என் கடைசிப் புறா.’

வாயுவில் மூச்சுத் திணறியிருந்த அந்தப் பறவை, வளைய எண் 787-15, வெர்தூனுக்கு வந்து சேர்ந்தது. செய்தி கிடைத்தது. ‘கிடைத்தது’ என்று திருப்பிச் சொல்ல வழி? கோட்டையில் வளர்ந்த புறா ஒன்றும் வெர்தூனில் இல்லை. அதனால்தான் ரேனால் தன் கடிதத்தின் நடுவே சூவில் கோட்டையின் ஒளிச் சமிக்ஞையைக் கெஞ்சுகிறார். மீட்கப் போன படைகளும் முறியடிக்கப்பட்டன. மூன்று நாள் கழித்து, ஜூன் 7ஆம் தேதி, தாகத்தால் துவண்ட கோட்டை சரணடைந்தது. புறா தன் வேலையை முடித்துவிட்டது, பிரான்ஸ் அதற்குப் பாராட்டுப் பத்திரமும் வழங்கியது. செய்தி போய்ச் சேர்வதும் உதவி வந்து சேர்வதும் வேறு வேறு என்பதை நினைவுச் சின்னங்களில் பொறிப்பதில்லை.

இதைவிடப் புகழ்பெற்ற பறவை ‘ஷேர் ஆமி’. 1918 அக்டோபரில் பிரான்சின் ஆர்கான் காட்டில் அமெரிக்காவின் 77ஆம் டிவிஷனைச் சேர்ந்த ஐந்நூற்றுக்கும் மேற்பட்ட வீரர்கள் சூழப்பட்டார்கள். 4ஆம் தேதி அவர்கள் தலையிலேயே சொந்தப் பீரங்கிகள் குண்டு பொழிந்தன. மேஜர் விட்டில்சி ‘எங்கள் பீரங்கிகளே எங்கள் மீது சுடுகின்றன, கடவுளின் பெயரால் நிறுத்துங்கள்’ என்று எழுதிப் புறாவை விட்டார். மார்பில் குண்டு பட்டு, ஒரு காலை இழந்து கூண்டுக்குத் திரும்பிய ஷேர் ஆமி அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது என்பது பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த கதை. இன்று அதன் பாடம் செய்த உடல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தில் ஒற்றைக் காலில் நிற்கிறது. ஆனால் அதே அருங்காட்சியகத்தின் வரலாற்றாய்வாளர் ஆவணங்களைத் துருவியபோது, அந்தச் செய்தியைக் கொண்டுவந்தது இந்தப் பறவைதான் என்பதற்கு உறுதியான சான்று கிடைக்கவில்லை. செய்தி உண்மை, காயமும் உண்மை. இரண்டும் ஒரே பறவையுடையதா என்பதுதான் கேள்வி. ஆணா பெண்ணா என்ற குழப்பமாவது 2021இல் டி.என்.ஏ. சோதனையில் தீர்ந்தது. ஆண்.

போர்க்காலத்தில் ஒவ்வொரு பறவைக்கும் கதை எழுத யாருக்கும் நேரமில்லை. சிமிழைக் கழற்றி, தாளைத் தலைமையகத்துக்குக் கொடுத்துவிட்டு, பறவையைக் கூண்டில் விடுவார்கள். புகழ் பிறகு வந்தது, பணம் திரட்டவும் படைக்கு ஆள் சேர்க்கவும் பிள்ளைகளுக்குக் கதை சொல்லவும் ஒரு பெயர் தேவைப்பட்டபோது.

செய்தியே இல்லாமல் ஒரு செய்தி

இரண்டாம் உலகப் போரில் பிரிட்டனின் பந்தயப் புறா வளர்ப்பவர்கள் ஏறத்தாழ 2 லட்சம் பறவைகளை அரசுக்குக் கொடுத்தார்கள். குண்டுவீச்சு விமானங்களில் கூடைப் புறா போனது, கடலில் விழுந்தால் இடத்தைச் சொல்லி அனுப்புவதற்கு. புறாக்களைக் காப்பாற்ற அரசு இன்னொரு பறவையைப் பலிகொடுத்தது. 1940இல் வந்த ஆணையின்படி பிரிட்டனின் கடலோரங்களில் பைரி வல்லூறுகளைச் சுட்டுத் தள்ளினார்கள், கொல்லப்பட்டவை ஏறத்தாழ 600. போர்ப் புறாக்களைப் பற்றி உருகி எழுதுகிறவர்கள் இந்த வல்லூறுகளைப் பற்றி ஒரு வரியும் எழுதுவதில்லை.

1942 பிப்ரவரி 23ஆம் தேதி, நார்வேப் பக்கமிருந்து திரும்பிய போஃபோர்ட் விமானம் ஒன்று அடிபட்டு வடகடலில் விழுந்தது. விழுந்த அதிர்ச்சியில் புறாப் பெட்டி திறந்துகொள்ள, ஒரு பெட்டைப் புறா எண்ணெயில் நனைந்த இறகுகளோடு தப்பிப் பறந்தது. யாரும் அதன் காலில் எதையும் கட்டவில்லை. 190 கிலோமீட்டருக்கு மேல் பறந்து, ஸ்காட்லாந்தின் டண்டீ அருகே இருந்த தன் கூண்டில் விடியலில் வந்து விழுந்தது. சொந்தக்காரர் விமானப்படைக்குத் தகவல் சொன்னார். விமானம் விழுந்திருக்கக்கூடிய நேரம், பறவை வந்து சேர்ந்த நேரம், காற்றின் திசை, எண்ணெய் ஒட்டிய இறகால் குறைந்திருக்கக்கூடிய வேகம், எல்லாவற்றையும் வைத்துக் கணக்குப் போட்டுத் தேடும் பரப்பைச் சுருக்கினார்கள். நான்கு பேரும் உயிரோடு மீட்கப்பட்டார்கள்.

வின்கி என்று பெயரிடப்பட்ட அந்தப் புறாவுக்கு 1943 டிசம்பரில் முதன்முதலாக வழங்கப்பட்ட, போரில் பணியாற்றிய விலங்குகளுக்கும் பறவைகளுக்குமான டிக்கின் பதக்கங்களில் ஒன்று கிடைத்தது. ‘மிகக் கடினமான சூழ்நிலையில் செய்தியைச் சேர்ப்பித்ததற்காக’ என்று பாராட்டுரையில் எழுதியிருந்தார்கள். இல்லாத செய்தி! இருந்தாலும் எழுதியவரைக் குறைசொல்ல மாட்டேன். பறவை வீடு திரும்பியதே செய்தி, அதைப் படித்தவர்கள் கணக்குத் தெரிந்த மனிதர்கள்.

இதற்கு நேர் எதிர் முனையில் இருந்தது பிரிட்டனின் ‘கொலம்பா’ உளவு நடவடிக்கை. 1941 முதல் 1944 வரை ஜெர்மானியர் பிடித்திருந்த பகுதிகளில், போர்தோ முதல் கோபன்ஹேகன்வரை நீண்ட நிலப்பரப்பில், ஏறத்தாழ 16,000 புறாக்களைச் சிறு பெட்டிகளில் பாராசூட் கட்டிப் போட்டார்கள். பெட்டிக்குள் ஒரு பறவை, கொஞ்சம் தீனி, மெல்லிய தாள், பென்சில், கேள்வித்தாள். வயலில் கண்டெடுக்கும் முகம் தெரியாத விவசாயி தெரிந்ததை எழுதி, பறவையை விட வேண்டும். ஜெர்மானியர் கையில் சிக்கினால் உயிர் போகும். பத்தில் ஒன்றுதான் திரும்பியது. பல பெட்டிகள் யார் கண்ணிலும் படாமல் கிடந்து பறவை அதிலேயே செத்தது. சில காவலர் கையில் கிடைத்தன, சில பசித்தவர் வீட்டுச் சட்டியில் முடிந்தன.

ஒன்று பெல்ஜியத்தின் லிக்டர்வெல்டேவில் ஒரு கடைக்காரக் குடும்பத்தின் கைக்கு வந்தது. அவர்களுடைய நண்பர் ஜோசப் ராஸ்கின், சீனாவில் பணியாற்றிய கத்தோலிக்கப் பாதிரியார், நுண்ணிய எழுத்தில் கை பழகியவர். ஊர் ஊராகப் போய்த் தகவல் திரட்டி, வரைபடங்களோடு ஏறத்தாழ 5,000 வார்த்தைகளை அந்தச் சின்னத் தாள்களில் எழுதி முடித்தார்கள். 1941 ஜூலையில் பறவை இங்கிலாந்தில் இறங்கியது. கொலம்பாவில் வந்தவற்றில் அதற்கு இணையான செய்தி இல்லை, சர்ச்சில்வரை போனது. கிடைத்தது என்ற தகவலைப் பி.பி.சி. வானொலியில் சங்கேத வாசகமாகச் சொன்னார்கள். இன்னும் எழுத அந்தக் குழு தயாராக இருந்தது. இன்னொரு புறா வேண்டும், அவ்வளவுதான். அவர்களுக்காகப் போட்ட பறவைகள் அவர்களிடம் வந்து சேரவில்லை. வானிலிருந்து போடும் பெட்டியைக் குறிப்பிட்ட ஒரு வீட்டுத் தோட்டத்தில் இறக்க வழியில்லாத காலம் அது. வேறு வழிகளைத் தேடிப் போன ராஸ்கின் பிடிபட்டு, 1943இல் ஜெர்மனியில் தலை துண்டிக்கப்பட்டார்.

முதல் உலகப் போரில் புறாக்களின் வெற்றி விகிதம் 95 சதவீதம் என்று ஒரு கணக்கு எல்லாக் கட்டுரைகளிலும் சுற்றிவருகிறது. பாரிஸில் ஐந்தில் ஒன்று, கொலம்பாவில் பத்தில் ஒன்று. பறவை இனம் ஒன்றுதான், பிறகு ஏன் இந்த இடைவெளி? பதுங்குகுழிப் புறாவுக்குப் போக வேண்டிய தூரம் பத்துப் பதினைந்து கிலோமீட்டர், பலமுறை பறந்து பழகிய வானம், முதல்நாள்தான் கூடையில் வந்தது, கையில் வைத்திருப்பவர் பயிற்சி பெற்றவர். பாரிஸ் புறா பழகாத தூரத்தில், நடுக்குளிரில், பலூன் பயணத்தின் களைப்போடு விடப்பட்டது. கொலம்பாப் புறாவுக்கோ கையில் எடுப்பவர் இருப்பாரா என்பதே தெரியாது. கூண்டுக்காரரும் சுமைகாரரும் எவ்வளவு நன்றாகச் செய்தார்களோ அந்த அளவுக்குத்தான் பறவை திரும்பியது. 95 சதவீதம் என்பதைப் புறாவின் மதிப்பெண்ணாகப் படிப்பது தவறு. அது ஏற்பாட்டின் மதிப்பெண்.

ஒடிசாவின் கூண்டுகள்

சிப்பாய் தோளில் சுமக்கக்கூடிய வானொலிக் கருவி வந்ததும் இடைவெளி அடைபட்டது. அமெரிக்க இராணுவம் 1957இல் புறாப் பிரிவைக் கலைத்தது. சுவிட்சர்லாந்து 1990களின் நடுப்பகுதிவரை வைத்திருந்தது. பிரான்ஸ் பாரிஸ் அருகே மான் வலேரியனில் ஒரு சிறு கூண்டை இன்னும் பராமரிக்கிறது.

இந்தியாவில் இந்தக் கதைக்கு நீண்ட பின்குறிப்பு உண்டு. போர் முடிந்ததும் இராணுவம் தன்னிடமிருந்த 200 புறாக்களை ஒடிசா காவல்துறைக்குக் கொடுத்தது. 1946இல் கோராபுட்டில் தொடங்கிய சேவை, கட்டக்கைத் தலைமையிடமாகக் கொண்டு மாநிலம் முழுக்கப் பரவியது. மலையும் காடும் நிறைந்த, தொலைபேசி எட்டாத காவல் நிலையங்களுக்கு அது உதவியது. 1982 வெள்ளத்தில் பாங்கி என்ற ஊர் துண்டிக்கப்பட்டபோதும், 1999 பெரும்புயலில் கம்பங்கள் எல்லாம் சாய்ந்தபோதும் புறாக்கள் பறந்தன. அங்கே ‘பூமராங்’ என்று ஒரு வகை உண்டு. ஓரிடத்தில் தீனி, இன்னோரிடத்தில் கூடு என்று பழக்கி, இரண்டுக்கும் நடுவே போகவும் வரவும் வைத்தார்கள். போகச் சொன்ன இடத்துக்குப் புறா போனது என்று சொல்லத்தக்க அரிய ஏற்பாடு இது. அதிலும் இரண்டு முனையும் அதற்குப் பழகிய வீடுதான், தூரமும் குறைவு. 2002இல் சேவை நிறுத்தப்பட்டது. இப்போது விழாக்களில் பறக்கவிட மட்டும் சில பறவைகளை வைத்திருக்கிறார்கள்.

இவ்வளவு அனுபவம் உள்ள நாட்டில்தான் எல்லையோரத்தில் காலில் வளையம் கட்டிய புறா ஒன்று இறங்கினால் ‘உளவுப் புறா’ என்று செய்தி வருகிறது. 2015இல் பதான்கோட் அருகே பிடிபட்ட புறாவை எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தார்கள். கொஞ்சம் யோசித்தால் கேள்வி எளிது. எதிரி நாட்டில் வளர்ந்த புறா இங்கே வந்து செய்தி கொடுக்காது, வீட்டைவிட்டு எதிர்த் திசைக்கு வந்திருக்கிறது என்றால் அது வழி தவறியிருக்கிறது. இங்கே செய்தி இறக்க வேண்டுமானால் அதன் கூண்டு இங்கே இருக்க வேண்டும். எனவே உளவுத் துறையினர் தேட வேண்டியது பறவையை அல்ல, அதை இங்கிருந்து கூடையில் வைத்து எல்லை தாண்டிக் கொண்டுபோன ஆளை. வளையம் என்பதும் ரகசியக் குறியீடு இல்லை. உலகெங்கும் பந்தயப் புறாவுக்குச் சங்கம் போடும் பதிவெண் அது.

2023 மே மாதம் மும்பைத் துறைமுகப் பகுதியில் இப்படி ஒன்று பிடிபட்டது. காலில் வளையங்கள், இறகில் சீன எழுத்துபோல ஏதோ. ஒற்றுப் புறா என்ற சந்தேகத்தில் வழக்குப் பதிவாகி, பறவை ஒரு விலங்கு மருத்துவமனையில் காவலில் வைக்கப்பட்டது. கடைசியில் அது தைவான் பந்தயப் புறா, திறந்த கடலில் வழி தவறி வந்தது என்று முடிவானது. விடுவிக்க எட்டு மாதம் ஆனது.